இறாலுக்குள் அன்னாசி

போன ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான். மனைவி புனிதா. மகள் தர்சி – ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் கணவன் சுகந்தன் – உல்லாசக் கப்பலில் சமையல்காரன், லீவில் வந்தவன். கடைசியாக வந்தவர் புனிதாவின் அண்ணன், தவராசா மச்சான்.

சமையலே மச்சானுக்காகத்தான். ஏன்? கல்குடாவில் கடற்கரைக்குப் போகிற வழியில் அவருக்கு ஒரு கடை இருக்கிறது. பூட்டிக் கிடக்கிறது. அது கிடைத்தால் சுகந்தன் சாப்பாட்டுக் கடை போடுவான். கிடைக்காவிட்டால்... திரும்பக் கப்பல்தான். பிள்ளை பிறக்கும்போது ஏதோ ஒரு கடலில் இருப்பான்.

மச்சான் சொன்னது இவ்வளவுதான். "முதல்ல அவன்ட சமையலத் தின்னு பாப்பம்."

சுகந்தன் கரீபியன் தீவுகளில் பழகிய சமையலைக் கையில் எடுத்தான். வாவி இறால், அன்னாசி, மாம்பழம், சிவப்புச் சீனி, நைமிரிஸ் கொச்சிக்காய் என்கிற கடும் உறைப்பு மிளகாய். அங்கேயும் கிட்டத்தட்ட இதே கொச்சிக்காய்தானாம்!

இறாலுக்கு மாம்பழமா என்று முகம் சுளிக்கிறீர்களா? நானும் சுளித்தேன். பிறகு யோசித்தேன். பச்சை மாங்காயை மீன் கறிக்குள் போடுகிறோம். அதுவே பழுத்துவிட்டால் மட்டும் ஆகாதா?

நான் இறாலைத் தலையோடு கழுவிக் கொடுத்தேன். சட்டியில் அன்னாசி விழுந்து சீறியது. அப்படி ஒரு வாசனை! இருக்க முடியவில்லை. வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன்.

சட்டியை இறக்கிவிட்டு, மச்சானை ஏற்றிவர மோட்டார் சைக்கிளில் போனான் சுகந்தன்.

புனிதா அடுப்படிக்குள் வந்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். முகம் மாறியது. புளிப்புக்குக் கொறுக்காய் போட்டாள். கெட்டித் தேங்காய்ப்பால் விட்டாள். மறுபடி அடுப்பில் ஏற்றினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சமையலில் நான் வாய் கொடுப்பதில்லை.

மோட்டார் சைக்கிள் வந்தது. மச்சான் முன்னறையில் உட்கார்ந்தார். சுகந்தன் சட்டியைத் திறந்தான்.

"மாமி... இதுக்க என்ன போட்டீங்க?"

"சத்தம் போடாத மனே. சீனி கொட்டுப்பட்டுப் போச்சு. அண்ணனுக்குத் தெரியாம நான் சரிக்கட்டிட்டன்."

"கொட்டுப்படல்ல மாமி! நான்தான் அள்ளிப் போட்டன்!"

தர்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே கண் கலங்கினாள்.

"என்னகா புனிதா, சோறு வருமா, நான் போகட்டா?" – முன்னறையிலிருந்து மச்சான்.

இனி என்ன செய்வது? சுகந்தன் தேசிக்காய் பிழிந்தான். இன்னும் இரண்டு கொச்சிக்காய் வெட்டிப் போட்டான். ருசி பார்க்கவில்லை. கொண்டுபோய் வைத்தான்.

மச்சான் குனிந்து பார்த்தார். "இதென்னடா, இறாலுக்க பழக்கடையக் கொட்டிக் கிடக்கு?"



ஒன்றை எடுத்தார். தலையைக் கிள்ளி உறிஞ்சினார். "உறைக்குது." இன்னொன்று. "இனிக்கிது." இன்னொன்று. "புளிக்கிது." நெற்றியெல்லாம் வேர்வை. மூக்கைத் துடைத்தார். கை மட்டும் நிற்கவில்லை.

"சோறு போடுகா!"

புனிதா போட்டாள். திரும்பவும் போட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சின்னப் பிள்ளை மாதிரிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது... குதிக்கவில்லை.

கை கழுவி வந்து, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார் மச்சான்.

"நல்லா இருக்கெண்டு நான் சொல்லல்ல. கடை சும்மாதானே கிடக்கு."

தர்சி சாவியைப் பொத்திப் பிடித்தாள். சுகந்தன் மெல்லச் சொன்னான்: "மாமி, அந்தக் கொறுக்காய்... கடையிலயும் போடுவம்."

நான் மச்சான் சாப்பிட்ட சோற்றுக் கோப்பையை எடுத்துப் போனேன். இறால் தலைகளை எண்ணினேன்.

இருபத்தேழு.