மேல்பக்கம் பார்த்து நின்ற வண்டி

ரேவின் டல்லக்கின் புருஷன் லிண்ட்சே பிப்ரவரி மாதம் செத்துப்போனான். ஏப்ரல் வந்தும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஊரில் இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. தைரியசாலி என்றது ஒன்று, கல்நெஞ்சுக்காரி என்றது மற்றொன்று. இரண்டு கட்சிக்காரர்களும் அவள் கையால்தான் தபால் வாங்கியாக வேண்டும் என்பதால், யாரும் அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறக்கவில்லை.

இரண்டு கட்சி சொன்னதும் தப்பு. அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டால் யாரோ ஒருவர் கன்னத்தைத் தொட்ட மாதிரி இருக்குமே, அப்படித்தான் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பெர்த்திலிருந்து மகள் ஷோனா ஃபோன் செய்வாள். "சாப்பிட்டியாம்மா?" என்பாள். "சாப்பிட்டேன்" என்பாள் ரேவின். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அவள் இந்தப் பக்கத்துக்காரி அல்ல. இன்வர்கார்கில் நகரத்தில் கறித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரின் நாலாவது பெண். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கும்பலுக்குச் சமைத்துப் போட வந்தாள், வேலி போடும் லிண்ட்சேயைப் பார்த்தாள், இங்கேயே தங்கிவிட்டாள். மீன் பிடிக்கிற சீசனான அக்டோபரிலிருந்து ஏப்ரல் முடிய இந்த மனிதனை வீட்டில் பார்க்க முடியாது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. வேலி போடாத நேரமெல்லாம் கில்லன் ஓடையில் டிரவுட் மீன் பின்னால் அலைவான். எட்டித் தாண்டினால் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் அந்த ஓடை. அதில் அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது என்று பார்க்கவே, முதல் வருஷம் ஒரு நாள் ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு கரையோரமாக நடந்து போனாள்.

லிண்ட்சே ஒரு வளைவில், புல்லுக்குள் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். இவளைப் பார்த்ததும் எழுந்தானே, அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

"இங்க எதுக்கு வந்த? எவ்வளவு நேரமா இந்த ஒத்த மீனுக்காகத் தவம் கெடக்கேன்! உன் நெழலைப் பாத்ததும் அது டுனீடினுக்கே ஓடிப்போச்சு."

"டீ கொண்டாந்தேன்."

"வண்டி மூக்கு எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

"மேல்பக்கம்."

"அப்ப மேல்பக்கம் இன்னிக்கு எனக்கு. நீ மகாராணியாவே இருந்தாலும் கீழ்ப்பக்கந்தான் போகணும்."

"மகாராணிக்கு உன்ன மாதிரி ஒண்ணு வாய்க்கல. கொடுத்து வச்சவ."

அவளைக் கீழ்ப்பக்கமே திருப்பி அனுப்பிவிட்டான். டீயை மட்டும் குடித்தான்.

எங்கள் பக்கத்தில் இதுதான் சட்டம். எழுதி வைக்காத சட்டம் என்பதால் யாரும் மீறுவதில்லை. சின்ன ஓடையில் ஒரு ஆள் நடந்து போய்விட்டால் மீனெல்லாம் வேருக்கடியில் பதுங்கிவிடும், அப்புறம் பொழுது சாயும் வரை வெளியே தலை காட்டாது. அதனால் ஓடைக்கு முதலில் வருகிறவன் பாலத்தோரம் வண்டியை நிறுத்தி, தண்ணீர் வருகிற மேல்பக்கமோ, தண்ணீர் போகிற கீழ்ப்பக்கமோ, தான் போகிற பக்கம் மூக்கைத் திருப்பி வைப்பான். அடுத்து வருகிறவன் அதைப் பார்ப்பான், ஒரு கெட்ட வார்த்தை சொல்வான், வேறு ஓடைக்குப் போவான். பெண்டாட்டிக்கும் இதில் சலுகை கிடையாது. ரேவின் இந்தச் சட்டத்தைக் கற்றுக்கொண்டாள், தூண்டிலையும் கற்றுக்கொண்டாள், சில வருஷத்தில் அவனைவிட நன்றாகவே பிடித்தாள். அதை அவன் ஆடுகளிடம் வேண்டுமானால் ஒப்புக்கொண்டிருப்பான், மனிதர்களிடம் ஒப்புக்கொண்டதில்லை.

ஷோனா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ரேவின் தபால் வண்டி ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். பண்ணை பண்ணையாகப் போய்க் கடிதம், செய்தித்தாள், ரொட்டி, கன்றுக்குட்டிக்கு மருந்து எல்லாம் போட வேண்டும். மத்தியானம் கில்லன் பாலத்தைத் தாண்டுவாள். லிண்ட்சேயின் பழைய பச்சை பிக்கப் அங்கே நின்றால் ஹாரன்கூட அடிக்காமல் போய்விடுவாள். அத்தனை வருஷமும் அப்படித்தான் போனாள்.

அந்த பிப்ரவரி நாளன்று மட்டும் வண்டியை நிறுத்தினாள்.

காரணம் கேட்டால் ஒன்றும் கிடையாது. காலையெல்லாம் மூடியிருந்த பனி அப்போதுதான் விலகி வெயில் விழுந்தது. கரையோர முட்புதரில் அன்றைய முதல் சில்வண்டு கத்தத் தொடங்கியது. புருஷனைப் பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். இத்தனை வயதுக்கு மேல் இதென்ன கூத்து என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். பிக்கப்பின் மூக்கு மேல்பக்கம் பார்த்து இருந்தது. திரும்பி வந்து, அடுத்த பண்ணைக்குத் தபால் போடப் போய்விட்டாள்.

இருட்டத் தொடங்கியும் லிண்ட்சே வரவில்லை. அவள் மர்டோவுக்கு ஃபோன் செய்தாள். மர்டோ பக்கத்துப் பண்ணைக்காரன், லிண்ட்சேயோடு ஒரே பெஞ்சில் படித்து ஒன்றாக ஃபெயிலானவன்.

"இன்னும் வரலை மர்டோ. மத்தியானம் பாலத்துல நின்னேன். வண்டி மேல்பக்கம் பாத்து நின்னுச்சு, அதான் உள்ள போகலை."

"இரு, நான் போய்ப் பாக்குறேன்" என்றான் மர்டோ.

பாலத்திலிருந்து இரண்டாவது வளைவில் லிண்ட்சே கிடந்தான். கூப்பிட்டால் காது கேட்கிற தூரம். மாரடைப்பு என்றார் டாக்டர். காலையிலா மத்தியானமா என்று திட்டமாகச் சொல்ல முடியாது என்றார். "பக்கத்துல யாராவது இருந்து நெஞ்சை அமுக்கியிருந்தா ஒருவேளை..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தபால் வேலைக்காரர்களுக்கெல்லாம் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நீதான் நன்றாக அமுக்குகிறாய் என்று அவளை அன்றைக்குப் பாராட்டியும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குள் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. பாலத்தில் நின்றபோது அவன் ஏற்கெனவே செத்திருந்தானா, உயிரோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தானா? முன்னதென்றால் அவள் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பின்னதென்றால், போயிருந்தால் அவன் விழும்போது அவள் பக்கத்தில் இருந்திருப்பாள்.

பதில் எங்கே இருக்கிறது என்று சாவு வீட்டு சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. லிண்ட்சேயின் தூண்டில் நுனியில் இருக்கிறது. சில்வண்டு கத்துகிற வரைக்கும் அவன், தண்ணீருக்கு அடியில் உருண்டு போகும் சின்னக் கறுப்புப் பொய்ப்பூச்சியை, முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்ததைத்தான் கட்டுவான். முதல் சத்தம் கேட்டதும் அதை அறுத்துவிட்டு, மேலே மிதக்கிற பெரிய பொய்ச் சில்வண்டைக் கட்டுவான். "கத்தாத பூச்சியை மீனுக்குக் காட்டுனா அது நம்மளைப் பத்தி என்ன நினைக்கும்?" என்பான். இந்த விஷயத்தில் அவன் பிடிவாதம் ஊரறிந்தது. ஆக, நுனியில் கறுப்புப் பூச்சி இருந்தால் அவன் அவளுக்கு முன்பே போய்விட்டான். சில்வண்டு இருந்தால் அவள் கேட்ட அதே சத்தத்தை அவனும் கேட்டிருக்கிறான்.

அந்தத் தூண்டில் கழியைத் துடைத்துத் தருகிறேன் என்று மர்டோ தன் வீட்டுக்கு எடுத்துப் போய், பிறகு கொண்டுவந்து, பிக்கப்பின் சாவியோடு சேர்த்து அவள் வீட்டுக் கொட்டகையில் மாட்டிவிட்டுப் போனான். அவள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. பயப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

சாவி கொட்டகையில் இருந்ததால் பிக்கப்பும் பாலத்தோரம் அப்படியே நின்றது. கேட்டால் சிரிப்பீர்கள், அந்தக் கோடையில் மிச்ச நாளெல்லாம் ஒருவனும் கில்லன் ஓடையின் மேல்பக்கம் கால் வைக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் வண்டி மூக்கைப் பார்த்துத் திரும்பினார்கள். அது யார் வண்டி, அவன் எங்கே போனான் என்று நன்றாகத் தெரிந்த உள்ளூர்க்காரர்களும் திரும்பினார்கள். செத்தும் மேல்பக்கத்தை விட்டுக் கொடுக்க மாட்டேன் என்கிறான் பார் என்று பப்பில் சொல்லிச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரேவின் தினமும் மத்தியானம் அந்த வண்டியைத் தாண்டிப் போனாள். ஒன்றும் தோன்றவில்லை.

ஏப்ரல் கடைசியில் மர்டோ பேட்டரி வயர்களைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"சீசன் முடியப் போகுது. வண்டியை எடுத்துருவோமா? சக்கரம் மண்ணுக்குள்ள இறங்குது. இன்னும் விட்டா ஆடு குட்டி போட்டுரும் அதுக்குள்ள."

"எடுத்துக்கோயேன்."

"சாவி?"

"கொட்டகையில நீதானே மாட்டுன."

"நீயே எடுத்துட்டு வா ரேவின்" என்றான் மர்டோ. அவளைப் பார்க்காமல் வயரைச் சுருட்டினான். "அப்படியே அந்தக் கழியையும் ஒரு தடவை பாத்துரு. எத்தனை நாளைக்குத்தான் பாக்காம இருப்ப."

அவள் போனாள். கொட்டகையில் வெளிச்சம் நன்றாகவே இருந்தது. சாவிக்குக் கை நீட்டும்போதே கண் கழிக்குப் போய்விட்டது. பிடிக்கு மேல் இருக்கும் சின்ன வளையத்தில் முள்ளை மாட்டி வைத்திருந்தான் மர்டோ. அதில் கறுப்புப் பூச்சி இருந்தது.

வேலிக் கம்பிச் சுருள் மேல் உட்கார்ந்தாள். அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னாள். காலையிலேயே போய்விட்டான். நான் நின்றபோது அங்கே ஆள் இல்லை. நான் போயிருந்தாலும் பிணத்தைத்தான் பார்த்திருப்பேன். மாதக்கணக்கில் இல்லாத பசி எடுத்தது, கொட்டகையின் தார் வாசனை மூக்கில் ஏறியது. கழியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பூச்சியைத் தொட்டுப் பார்த்தாள்.

தொட்டவள் முடிச்சைப் பார்த்தாள்.

லிண்ட்சே இடதுகைக்காரன். அவன் முடிச்சு மற்றவர்கள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். மிச்சத் தூண்டில் நரம்பைக் கத்தரிக்க மாட்டான், பல்லால் கடிப்பான், நுனி நைந்து துருத்திக்கொண்டு நிற்கும். பல் போய்விடும், கடிக்காதே என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி அலுத்திருக்கிறாள். இந்த முடிச்சு வலதுகை முடிச்சு. நுனி ஒட்டக் கத்தரித்திருந்தது.

மர்டோ கட்டியது.

அவன் எதற்கு மாற்றிக் கட்ட வேண்டும்? கறுப்புப் பூச்சி இருந்திருந்தால் அதை அப்படியே விட்டிருப்பானே. அவன் அறுத்து எறிந்தது ஒரு சில்வண்டு. அந்த மத்தியானம் சத்தத்தைக் கேட்டு லிண்ட்சே பூச்சியை மாற்றியிருக்கிறான், நுனியைப் பல்லால் கடித்திருக்கிறான், இரண்டாவது வளைவில் நின்று வீசியிருக்கிறான். அவள் பாலத்தில் சாய்ந்துகொண்டிருந்தாள்.

வெளியே மர்டோ இருமினான். அவள் கழியைத் திரும்ப மாட்டினாள், சாவியை எடுத்துக்கொண்டாள், முகத்தைக் கையால் ஒரு தடவை வழித்துக்கொண்டு வந்தாள்.

"பாத்தியா?" என்றான் மர்டோ. இந்த மனிதனுக்குப் பொய் சொல்ல வராது. சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் காது சிவந்துவிடும். இப்போதும் சிவந்திருந்தது.

"பாத்தேன். கறுப்புப் பூச்சிதான்."

"அப்ப காலையிலயே..."

"ஆமா. காலையிலயே போயிட்டான்."

"நான் அப்பவே நெனச்சேன்" என்றான் மர்டோ. "நீ உள்ள போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது ரேவின். பாத்தியா? ஒண்ணும் ஆயிருக்காது." சொல்லச் சொல்ல அவன் குரல் உடைந்தது. அந்தப் பெரிய உடம்பு குலுங்கிற்று. அவள்தான் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

"சரி சரி, போதும். வண்டியை எடுக்கணும், வா."

பாலத்துக்குப் போனார்கள். மர்டோ தன் வண்டியிலிருந்து வயரைக் கொடுத்தான், பிக்கப் இரண்டு தடவை கனைத்துவிட்டு உயிர் பெற்றது. ரேவின் உள்ளே உட்கார்ந்து கியரைப் பின்னுக்குத் தள்ளினாள். வண்டியை ரோட்டுப் பக்கம் திருப்பினால் மேல்பக்கம் யாருடையதும் இல்லை என்று ஆகிவிடும். அவளால் கிளட்சை விட முடியவில்லை. வலித்தது. இத்தனை நாள் காணாமல் போயிருந்த வலி ஒரே மூச்சில் வந்து இறங்கியது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து, ஊரே கேட்கும்படி அழுதாள்.

மர்டோ ஓடிவந்து ஜன்னலோரம் நின்றான். அவள் தோளில் கை வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"அழு. நல்லா அழு. இப்பவாவது அழுதியே" என்றான். "அதான் தெரிஞ்சுபோச்சே ரேவின். இனிமே உன் மனசு ஆறிடும்."

"ஆமா மர்டோ" என்றாள் அவள். "ஆறிடும்."