“நாங்க அதெல்லாம் பாக்குறதில்லை”

கேமராவோடு போகிறவனுக்குக் கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு அடுத்த மரியாதை, மற்ற இடங்களில் திருடனுக்கு அடுத்த மரியாதை. அரசாங்கத்தின் குழந்தைகள் கல்வி டிவிக்குத் தேனிப் பக்கம் படம் பிடிக்கும் எனக்கு வாய்த்தது இரண்டாவது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பிழைக்கும் சக பாவிகளுக்கு இது புரியும். சாயங்காலம் வரும் அறிவியல் நிகழ்ச்சியை யாராவது பார்க்கிறார்களா என்று மேலிடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெற்றோர் சிலர் ‘பார்க்கிறோம்’ என்று கேமரா முன் சொன்னால் தொடரும், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

ஸ்டாண்டு

மலையாள எல்லையை ஒட்டிய லோயர் கேம்ப்பில், அணைத் தண்ணீர் வரும் கால்வாய் ஓரமாகக் கேமரா ஸ்டாண்டை விரித்ததுமே வயலில் இருந்து ஆட்கள் ஏறி வந்துவிட்டார்கள். பிள்ளைகள் நிகழ்ச்சி என்று சொல்லி அடையாள அட்டையைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பெரியவர், திடீரென்று மலையாளத்தில் ஏதோ கேட்டார். அரைகுறையாகப் புரிந்தது, புரியாதவன் போல விழித்து வைத்தேன். அப்படியும் அவர் மனம் இளகவில்லை.

“தண்ணிய அளக்க வந்தவுக யாரும் தண்ணிய அளக்க வந்தேன்னு சொன்னதில்ல, தம்பி. மூட்டையக் கட்டுங்க.”

விளம்பரம்

வடுகபட்டியில் ஒரு பூண்டு வியாபாரி டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு நப்பாசை. அவருடைய மகன் அந்த நிகழ்ச்சியை விடாமல் பார்ப்பானாம். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறார். நடுவில் சோப்பும் வரவில்லை, பிஸ்கட்டும் வரவில்லை. அதுதான் அவரை உறுத்தியிருக்கிறது.

“ஒண்ணும் விக்காம ஒருத்தன் அரை மணி நேரம் பேசுறான்னா, பெருசா எதையோ விக்கப் போறான்னு அர்த்தம். வேற சேனல் பாருன்னு பயகிட்ட சொல்லிட்டேன்.”

மயிலாடும்பாறை

வாசலில் நிற்கும்போதே எங்கள் நிகழ்ச்சியின் சத்தம் உள்ளே கேட்டது. காட்டுவேலைக்குப் போகும் செல்வி, டிவியை அணைத்துவிட்டு வெளியே வந்தார். ஜன்னலில் ஈரப்பஞ்சில் மொச்சை முளைத்திருந்தது, போன வாரப் பாடத்தில் காட்டியது. ஏழாவது படிக்கும் மகள் சரண்யா, “அடுத்து வேரைக் காட்டுவாகளா சார்?” என்று கேட்டாள். கேமராவை ஓட விட்டேன். “நாங்க அதெல்லாம் பாக்குறதில்லைண்ணே” என்றார் செல்வி.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கேமராவை அணைத்துவிட்டு, நிகழ்ச்சியே நின்றுவிடும் என்று கெஞ்சினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பாக்குறோம்னு சொன்னா மாசாமாசம் காசு கேப்பீக. எம்புள்ளைக்கு டியூசன்னு இருக்கிறது இது ஒண்ணுதான், அதையும் நானே வாயக் குடுத்துக் கெடுத்துக்கவா?”

மேலிடம்

எல்லோரும் பார்க்கிறார்கள், சொல்லத்தான் பயப்படுகிறார்கள் என்று அதிகாரியிடம் விளக்கினேன். எழுந்து நின்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

“பார்க்கலைன்னு அவங்களே சொல்றாங்க. பார்க்கிறாங்கன்னு நீங்க ஏன் இவ்வளவு துடிக்கிறீங்க, உங்களுக்கு இதுல என்ன ஆதாயம்?”

போன்

நிகழ்ச்சி நின்ற வாரம், நான் கொடுத்துவிட்டு வந்த நம்பரில் செல்வி கூப்பிட்டார். சரண்யா சாயங்காலமானால் டிவி முன்னால் உட்கார்ந்து சேனலை மாற்றி மாற்றித் தேடுகிறாளாம், சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

“நான் அப்பவே நெனச்சேண்ணே, காசு வாங்காமக் குடுக்கிறது நெலைக்காதுன்னு.”

ஆக, மேலிடத்தின் சந்தேகமும் பலித்தது, செல்வியின் சந்தேகமும் பலித்தது. யாரையுமே சந்தேகப்படாத சரண்யாவுக்குத்தான் பாடம் நின்றுபோனது.