மரமில்லாத சரிவு

எனக்குச் சந்தேகப் புத்தி. அதை மறைப்பானேன்? தேதி போட்ட பாலைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் காய்ச்சுவேன். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க, ஃப்ரீவே வரை போன காரைத் திருப்பச் சொல்வேன். என் கணவர் எனக்கு வைத்த பெயர் ‘துப்பறியும் இலாகா’.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நானும் அவரும் எங்கள் சின்ன மகளும் கலிஃபோர்னியாவில், குபெர்டினோவில் குடியிருந்தோம். அவருடைய ஆபீஸ் நண்பர், கோயம்புத்தூர்க்காரர், அந்த வருடம் ஸ்னோ ஷூ வாங்கியிருந்தார். பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டிக்கொள்ளும் அகலமான சட்டம் அது. வாங்கியதிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்களையும் இன்னொரு குடும்பத்தையும் கிளப்பிக்கொண்டு தாஹோ ஏரிப் பக்கத்து மலைக்குப் போனார். ரிசார்ட் கூட்டம் வேண்டாமாம், ஆள் நடமாட்டமில்லாத காட்டுப் பாதைதான் அழகாம்.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை. பனிச்சரிவு அபாயம் என்று எழுதியிருந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

“இதெல்லாம் யாராவது கேஸ் போட்டுடுவாங்கன்னு பயந்து எழுதி வெக்கிறது, சிஸ்டர். வெயில் எப்படி அடிக்குது பாருங்க!” என்றார் நண்பர்.

அந்த வெயில் மேலேதான் எனக்குச் சந்தேகம். முந்தைய நாட்களில் விடாமல் பனி கொட்டி, காற்றும் பேயாய் அடித்திருந்தது. இன்றைக்கு மட்டும் வானம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

மதியம் சாப்பிட நண்பர் ஓர் இடம் பிடித்தார். செங்குத்தான சரிவின் அடியில், நல்ல வெயிலில், பரந்த வெளி. இரண்டு பக்கமும் அடர்ந்த காடு. நடுவில் அந்தப் பட்டை மட்டும் உச்சியிலிருந்து கீழ்வரை மொட்டை. ஓரத்து மரங்களில் மலையைப் பார்த்த பக்கம் ஒரு கிளைகூட இல்லை, எல்லாம் ஒடிந்திருந்தன. நெரிசலான டவுன் பஸ்ஸில் ஒரு சீட் மட்டும் காலியாக இருந்தால் எனக்கு உட்காரத் தோன்றாது. யாராவது வாந்தி எடுத்திருப்பார்கள்.

எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவென்று பெட்ஷீட்டை விரித்தார்கள். அப்போது காலடியில் ‘வும்ப்’ என்று ஒரு சத்தம். நின்ற இடமே கொஞ்சம் இறங்கியது. பனியில் ஒரு விரிசல் கோடாக ஓடியது.

“என்னங்க, உள்ள காலியா, ஹாலோவா இருக்குங்க. வாங்க, அந்த மரங்களுக்குள்ள போயிடலாம்.”

“ஆரம்பிச்சிட்டியா? ஸ்னோ செட்டில் ஆகுது. பேசாம உக்காரு.”

எனக்கு வந்ததே கோபம்! ஒரு கையில் மகளைப் பிடித்தேன், இன்னொரு கையில் சாப்பாட்டுப் பையைத் தூக்கினேன், விறுவிறுவென்று மரங்களுக்குள் போய்விட்டேன். புளியோதரை போகிற இடத்துக்குத்தானே ஜனங்களும் வந்தாக வேண்டும்? முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். என் கணவர் மட்டும் வரவில்லை. வீம்பு. நடுவெளியில், பெட்ஷீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

கெஞ்சினால் வரமாட்டார் என்று தெரியும். பரிமாறிக்கொண்டே, குரலைச் சாதாரணமாக வைத்துக் கத்தினேன்.

“உருளைக்கிழங்கு ரோஸ்ட் தீரப்போகுதுங்க! அப்புறம் என்னைச் சொல்லாதீங்க!”

அசைந்தார். முறைத்துக்கொண்டே எழுந்தார். அந்த வெளியை அவர் நடந்து கடக்கும்வரை நான் சரிவின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததும் தட்டை என் கையிலிருந்து பிடுங்கினார்.

ஒரு வாய்கூட வைத்திருக்க மாட்டார். மேலே எங்கோ துணி கிழிகிற மாதிரி சத்தம் கேட்டது. சரிவே தகடாகப் பெயர்ந்து இறங்கியது. கொஞ்ச நேரம் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அடங்கியபோது, பெட்ஷீட் விரித்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பனிப் பாளங்கள் கிடந்தன.

“அம்மா, வேர் இஸ் அவர் பெட்ஷீட்?” என்றாள் மகள்.

திரும்பும்போது, கார் ஓட்டிக்கொண்டே என் கணவர் கேட்டார்.

“உருளைக்கிழங்கு நிஜமாவே தீந்துடுச்சா?”

“இல்லீங்க. டப்பா நெறைய இருந்துச்சு.”

பொய் என்றாலே எரிந்து விழுகிற மனிதர். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் காரை நிறுத்தினார். மகள் தூங்குகிறாளா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதார்.

அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அந்த டப்பா எங்க இருக்கு?” என்றார். டப்பாவைத் திறந்து அவர் மடியில் வைத்தேன்.