ஹெட்விகாவின் கைக்கு ஒரு துப்பாக்கி

ஹெட்விகா வாங்கப்போகும் துப்பாக்கியைப் பற்றி வ்ரான்கோவ் ஊரில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது, ஹெட்விகாவைத் தவிர. இறைச்சிக் கடைக்காரர் சொன்னார், தபால்காரர் சொன்னார். பல் டாக்டர் யாரோஷ், அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாமல் படுத்திருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் சொன்னது ஒரே துப்பாக்கியைத்தான். ஒன்பது மில்லிமீட்டர், முழுக்க எஃகு, நம் நாட்டில் செய்தது. எங்கள் மொராவியாப் பக்கத்து ஆண்பிள்ளை, தான் ரகசியமாகக் காளான் பறிக்கிற இடத்தைக்கூட ஒருவேளை பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காட்டிக்கொடுப்பான். ஒன்பது மில்லிமீட்டரை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

ஹெட்விகாவுக்கு வயது ஐம்பத்தாறு. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்தொன்பது வருஷமாக மாவு பிசைந்தவள். முந்நூறு பிள்ளைகளுக்குக் கொழுக்கட்டையும் குழம்பும் தினமும் அவள் கையால்தான் போயின. அத்தனை மாவும் கடைசியில் அவள் வலது கட்டைவிரலின் அடிமூட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்கப் புருஷனைக் கூப்பிட வேண்டிய நிலை. இது வீட்டுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். வெளியே அவள் மூச்சு விடவில்லை.

துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது போன வருஷத் தேவாலயத் திருவிழாவில். அங்கே துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கடையில் குச்சி நுனியில் செருகிய காகித ரோஜாக்களைச் சுட்டு வீழ்த்தினால் ரோஜா நமக்கு. புருஷன் வெண்டெலின் விளையாட்டாக ஆறு குண்டுக்குக் காசு கொடுத்தான். ஆறு ரோஜா விழுந்தது. இன்னும் ஆறு, அதுவும் விழுந்தது. நான்காவது சுற்றில் கடைக்காரர் கும்பிடு போட்டுவிட்டார்.

"அம்மா, மத்தவங்களுக்கும் நாலு பூ மிச்சம் வைங்க. நான் சாயந்திரம் வரைக்கும் கடை நடத்தணும்."

கை நிறையக் காகித ரோஜாவோடு வீட்டுக்கு நடந்தபோது அவள் சிரித்ததுபோலக் கல்யாணத்தன்றுகூடச் சிரிக்கவில்லை என்று வெண்டெலின் இன்றைக்கும் புலம்புவான். அதற்குப் பிறகு அவளை யாராலும் பிடித்து வைக்க முடியவில்லை. சட்டப் புத்தகத்தை அடுப்படியில் வைத்துப் படித்தாள், டாக்டரிடம் சீட்டு வாங்கினாள், பரீட்சையில் தேறினாள், ஆயுத உரிமமும் கைக்கு வந்தது. ஊர்த் துப்பாக்கிக் கிளப்பில் சேர்ந்தாள். கல் வெட்டி எடுத்த பழைய பள்ளத்தில் அவர்கள் சுடும் இடம். சனிக்கிழமை சாயந்திரம் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் குழம்பு போதவில்லை என்று ஒருவரும் அவளிடம் சொல்வதில்லை. வாரம் முழுக்க அதற்காகவே காத்திருந்தாள்.

கிளப்பில் புதியவர்களுக்கென்று ஒரு சின்னத் துப்பாக்கி உண்டு, இருபத்திரண்டு என்பார்கள். சன்னமான தோட்டா, கையை உதைக்காத துப்பாக்கி. அதில் ஹெட்விகா கறுப்பு வட்டத்தின் நடுவைத் தேடித் தேடிப் போட்டாள். ஆனால் அது ஒரு பருவத்துக்குத்தான். அடுத்த புதியவருக்கு அதை விட்டுவிட்டுச் சொந்தத் துப்பாக்கியோடு வரவேண்டும். இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். நவம்பரில் புனித மார்ட்டின் நாள் போட்டிக்குள் அவள் வாங்கியாக வேண்டும். போட்டியில் ஜெயிப்பவருக்குக் கொழுத்த வாத்து ஒன்று பரிசு.

இன்னொரு உறுத்தலும் இருந்தது. கிளப்பில் எல்லாரும் ஒருவருக்கொருவர் 'நீ, வா, போ'. அவளிடம் மட்டும் 'நீங்க'. தலைவர் ஆல்பின், குழாய் ரிப்பேர் செய்பவர், அவளை விட நான்கு வயது இளையவர். அவர் வாயிலிருந்து 'ஹெட்விகாம்மா, வாங்க, நில்லுங்க' என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. எட்டு மாதமாகியும் விருந்தாளி போலவே நிற்க வைத்திருக்கிறார்களே என்று அவளுக்கு உள்ளுக்குள் குமைச்சல். விருந்தாளியாக இருப்பவள், கட்டைவிரல் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வாள்?

செப்டம்பரில் ஆல்பினும் வெண்டெலினும் துணைக்கு வர, கடைக்குப் போனாள். கடைக்காரர் ராடோவான், அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே ஒன்பது மில்லிமீட்டரை எடுத்துத் துணியின் மேல் வைத்தார். மூன்று ஆண்களும் அவள் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள்.

"கனமா இருக்கிறதால உதைக்காது," என்றார் ஆல்பின்.

"எங்க மாமா முப்பது வருஷமா இதைத்தான் வெச்சிருக்காரு, துரு ஏறலை," என்றார் ராடோவான்.

"மாமாவுக்கா, துப்பாக்கிக்கா?" என்றான் வெண்டெலின்.

ஹெட்விகா கையில் எடுத்துப் பார்த்தாள். பொய் சொல்லக்கூடாது, பிடி அவள் உள்ளங்கையில் அழகாகத்தான் உட்கார்ந்தது. அடுத்தது ஸ்லைடு. துப்பாக்கியின் மேல்பாதியைப் பின்னால் இழுத்து விட்டால்தான் தோட்டா உள்ளே ஏறும். உள்ளே இருப்பதை வெளியே எடுக்கவும் அதையேதான் இழுக்க வேண்டும். இழுத்தாள். பாதி வழியில் நின்றுவிட்டது. கட்டைவிரலில் சுரீரென்று ஊசி குத்தியது.

"மெதுவா இழுக்காதீங்க ஹெட்விகாம்மா, பட்டுனு இழுக்கணும்," என்று ஆல்பின் மரியாதையாக வாங்கி, பட்டென்று இழுத்துக் காட்டினார். "புதுசு. போகப் போக இளகிடும்."

எது இளகும், ஸ்பிரிங்கா என் மூட்டா என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்," என்று கிளம்பிவிட்டாள்.

வீட்டில் வெண்டெலின் விடவில்லை. "கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன் ஹெடா. அந்த மனுஷன் என்ன, கடிச்சா தின்னுடுவாரு?"

"சொன்னா என்ன நடக்கும் தெரியுமா? பாவம் கிழவி, உக்காருங்க, நாங்க சுடறதை வேடிக்கை பாருங்கன்னு நாற்காலி போடுவாங்க. இப்பவே 'நீங்க நீங்க'ன்னு கையெட்டாத தூரத்துல நிறுத்தியிருக்காங்க."

"நாற்காலி நல்லதுதானே, இடுப்புக்கு."

"நீ போய் உன் புறாவுக்குத் தீனி போடு."

அவனுக்கும் வருத்தம்தான். சனிக்கிழமை இல்லாத ஹெட்விகாவை அவனும் பார்த்திருக்கிறான். அந்த ஹெட்விகா ஞாயிற்றுக்கிழமையும் பேசமாட்டாள்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. பழகிக்கொள்ளட்டும் என்று ஆல்பின் தன் சொந்த ஒன்பது மில்லிமீட்டரைத் தானே ஸ்லைடு இழுத்துத் தயாராக்கி அவளிடம் கொடுத்தார். முதல் குண்டு நடுவில். இரண்டாவது அதன் பக்கத்தில். மூன்றாவதுக்கு விசையை அழுத்தினாள். டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தோட்டா வெடிக்கவில்லை.

என்ன செய்யவேண்டும் என்பது அவளுக்குத் தலைகீழாகப் பாடம். துப்பாக்கிக் குழாயை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிஷம் பொறுக்கவேண்டும், தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றவேண்டும், ஸ்லைடை இழுத்து அந்தத் தோட்டாவை வெளியே தள்ளவேண்டும். பொறுத்தாள், கழற்றினாள், இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். கை வியர்த்து வழுக்கியது. பக்கத்தில் எல்லாரும் சுடுவதை நிறுத்திவிட்டு மரியாதையாகக் காத்திருந்தார்கள். அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது. ஜாடி மூடிக்குச் செய்வதுபோல வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் வந்துவிடும் என்று தோன்ற, உடம்பைத் திருப்பினாள். துப்பாக்கியும் கூடவே திரும்பியது, பக்கத்தில் நின்ற பல் டாக்டர் யாரோஷின் பக்கம்.

"ஹெட்விகா! அசையாதே!" பள்ளமே அதிர்ந்தது. ஆல்பின்தான். "முன்னாடி திருப்பு! முன்னாடி! விரலை எடு, ஏ பொம்பளே, விரலை எடு!"

திருப்பினாள், விரலை எடுத்தாள். ஆல்பின் இரண்டே எட்டில் வந்து, அவள் கைமேல் கைவைத்துத் துப்பாக்கியை நேராகப் பிடித்து, வெடிக்காத தோட்டாவை வெளியே தள்ளினார். தரையில் விழுந்திருந்த யாரோஷ் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார்.

"போன வாரம் கடைவாய்ப்பல்லுல கொஞ்சம் அழுத்திட்டேன், அதுக்காக இப்படியா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

இத்தோடு முடிந்தது என்று ஹெட்விகா நினைத்தாள். சுடும் இடத்தில் அடுத்தவன் பக்கம் துப்பாக்கி திரும்பினால் மன்னிப்பு கிடையாது என்று அவளே பரீட்சையில் எழுதியிருக்கிறாள். காதுக்கவசத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள். ஆனால் ஆல்பினின் முகம்தான் அதிகமாகச் சிவந்திருந்தது.

"மன்னிச்சிடுங்க ஹெட்விகாம்மா. அவசரத்துல வாய் தவறி 'நீ'ன்னுட்டேன். பொம்பளேன்னு வேற..."

"நான் ஒரு ஆளைக் கொல்லப் பாத்தேன், நீங்க என்கிட்ட மன்னிப்பு கேக்கறீங்களா?" ஹெட்விகாவுக்குக் கண்ணீரும் கோபமும் ஒன்றாக வந்தன. "எட்டு மாசமா எல்லாரையும் நீ வா போங்கறீங்க. நான் என்ன, மாவட்ட ஆட்சியரா? ஒருத்தராவது என்னை 'நீ'ன்னு சொன்னீங்களா?"

ஆல்பின் விழித்தார். "அதை நீங்கல்ல சொல்லணும்? பொம்பளை, வயசுலயும் மூத்தவங்க. அவங்களா 'நீன்னு கூப்பிடு'ன்னு சொல்லாம நாங்க எப்படிக் கூப்பிடறது? எங்கம்மா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து அறைவா."

"கிளப்புல பழைய ஆளுதானே புது ஆளுக்குச் சொல்லணும்? நீங்க சொல்லுவீங்கன்னு நான் காத்திருக்கேன்."

"நீங்க சொல்லுவீங்கன்னு நாங்க காத்திருக்கோம். நீங்க ரொம்ப கெத்துன்னு நினைச்சோம்."

இரண்டும் இந்த ஊர் மரியாதைதான். இரண்டும் குறுக்கே படுத்துக்கொண்டு எட்டு மாதம் வழிவிடவில்லை. அங்கே நின்ற ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போதுதான் யாரோஷ் முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும்.

"சரி, நான் சொல்றேன்," என்றாள் ஹெட்விகா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான் ஹெட்விகா. நீன்னு கூப்பிடுங்க எல்லாரும்."

"நான் ஆல்பின். ஹெட்விகா, இப்ப உண்மையைச் சொல்லு. உன் கையில என்ன?"

'நீ' என்று கேட்டவனிடம் பொய் சொல்ல முடியாது. கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். கொழுக்கட்டை மாவு முதல் ஊறுகாய் ஜாடி வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அட மண்டு!" என்றார் ஆல்பின். அவளுக்கு அது தேனாக இருந்தது. "இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? போட்டி வரைக்கும் நீ சுடக்கூடாது, அது தண்டனை. திங்கக்கிழமை போய் உன் கைக்கு எது இழுபடுதோ அதை வாங்கு. நாங்க யாரும் கூட வரமாட்டோம், அதுவும் தண்டனை. எங்களுக்கு."

துப்பாக்கிகளெல்லாம் அலமாரிக்குள் போய்ப் பூட்டு விழுந்த பிறகு புது ஒயினை ஊற்றினார்கள். 'நீ' போடத் தொடங்குகிறவர்கள் செய்யும் வழக்கப்படி ஒவ்வொருவரும் அவளோடு கை கோத்துக் குடித்து, கன்னத்தில் முத்தமிட்டு, தன் பெயரைச் சொன்னார், எட்டு மாதமாகத் தெரிந்த பெயர்களை.

திங்கட்கிழமை தனியாகக் கடைக்குப் போனாள். ராடோவான் பழக்கதோஷத்தில் ஒன்பது மில்லிமீட்டரை எடுத்தார்.

"அதை உள்ள வைங்க. இருக்கிற இருபத்திரண்டையெல்லாம் எடுங்க."

"இருபத்திரண்டா? குருவி சுடவா?"

"குருவி பாவம். காகிதம்தான் சுடுவேன். எடுங்க."

ஆறு துப்பாக்கிகள் வரிசையாக வந்தன. சந்தையில் தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பவள்போல அவள் அவசரமே படவில்லை. காலியா என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள், துப்பாக்கியை ஆபத்தில்லாமல் நீட்டுவதற்கென்று மூலையில் வைத்திருந்த மணல் பெட்டிப் பக்கம் நீட்டினாள், பத்துமுறை ஸ்லைடை இழுத்தாள். முதலாவது நன்றாக இழுபட்டது, விசை விரலுக்கு எட்டவில்லை. இரண்டாவதன் பிடி தடிமன். மூன்றாவது பார்க்க லட்சணம், ஏழாவது இழுப்பில் மூட்டு முனகியது. நான்காவது யாரோ வைத்திருந்து விற்றது. பிடியில் கீறல், நீளக் குழாய், பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. அதன் ஸ்லைடு இரண்டு விரலுக்கே வழுக்கிக்கொண்டு வந்தது. பத்து, இருபது, முப்பது முறை இழுத்தாள். கட்டைவிரல் வாயே திறக்கவில்லை.

"புதுசு பார்க்கலாமே, இதுல கீறல் இருக்கே," என்றார் ராடோவான்.

"என் கையிலயும்தான் இருக்கு. கட்டுங்க."

புனித மார்ட்டின் நாளன்று லேசாகத் தூறல். ஹெட்விகா இருபது குண்டு சுட்டாள். தானே தோட்டா ஏற்றினாள், கடைசியில் தானே ஸ்லைடைத் திறந்து காலி அறையைக் காட்டினாள். ஆல்பின் குனிந்து பார்த்து, "காலி. போ," என்று அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டார். அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். பதினோரு பேரில் இரண்டாவதாக வந்தாள். ஒற்றைப் புள்ளியில் யாரோஷ் ஜெயித்துவிட்டார்.

யாரோஷ் வாத்தைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்தார்.

"ஹெட்விகா, இந்தா. நீதான் நம்ம சமையல்காரி. சிவப்பு முட்டைக்கோஸோட பொரிச்சு வெச்சா நாங்க பத்துப் பேரும் உன் வீட்டுக்கு வந்துடறோம்."

எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வெண்டெலின்கூட வாத்தை வாங்கக் கை நீட்டிவிட்டான். ஹெட்விகா அவன் கையைத் தட்டிவிட்டுத் துப்பாக்கிப் பெட்டியைப் பூட்டினாள்.

"நான் ஸ்கூல்ல சமையல்காரி," என்றாள். "இங்க உன்னை விட ஒரு புள்ளி குறைச்சலா சுடறவ. ஜெயிச்சது நீ, பொரிக்கிறதும் நீ. நாங்க ஏழு மணிக்கு உன் வீட்டுக்கு வந்துடறோம்."