ஊர்க் கிணறும் காலனிக் கைபம்பும்

எங்கள் ஊருக்குத் தெற்கே, திண்டிவனம் போகும் தார் ரோட்டை ஒட்டி, பூச்சி மருந்து கலக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. கம்பெனி என்றால் இரண்டு தகரக் கொட்டகை, ஒரு வாட்ச்மேன், பின்பக்கம் அடுக்கி வைத்த நீல டிரம்கள். அவ்வளவுதான். போபால் செய்தியை ரேடியோவில் கேட்டு எங்கள் வீட்டில் எல்லோரும் உச்சுக் கொட்டியது அந்தக் கம்பெனி தீப்பிடித்ததற்கு முந்தைய வருஷம். அது எங்கேயோ வடக்கே நடந்தது என்று விட்டுவிட்டோம். தெற்கத்திக் காற்று அடித்தால் நம் சோற்றிலேயே மருந்து வாடை வருகிறதே என்று யாரும் பேசவில்லை.

பங்குனி மாதம். மத்தியான வெயிலில் கொல்லையில், எங்கள் நிலத்தில், மல்லாட்டைக் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தோம். கொட்டகைப் பக்கம் கரும்புகை எழும்பியது. டிரம்கள் வெடிக்கிற சத்தம் கொல்லை வரைக்கும் கேட்டது. திண்டிவனத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரைப் பீய்ச்சியது. அந்தத் தண்ணீர் மருந்தைக் கரைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி ஏரிப்பக்கம் ஓடியது. வாய்க்கால் ஓரத்தில்தான் ஊரின் குடிதண்ணீர்க் கிணறு. ஒரு கூடை மண் போட்டிருந்தால் மறித்திருக்கலாம். போடவில்லை. தீ அணைந்தது என்று ஆண்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் காலையில் கயிறு விட்டு இழுத்தால் தண்ணீர் நீர்மோர் போல வெளுத்திருந்தது. கெளுத்தி மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கம்பெனி மேனேஜர் ஜீப்பில் வந்தார். பக்கத்தில் பஞ்சாயத்துத் தலைவர்.

"பிளீச்சிங் பவுடர் போட்டுட்டோம்மா. ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும். அப்பறம் தாராளமா குடிக்கலாம்" என்றார் மேனேஜர்.

தண்ணீர் தெளியத்தான் செய்தது. தெளிந்ததை எல்லோரும் குடித்தோம். என் மகளுக்கு அப்போது நாலு வயது. கேப்பைக் கூழ் குடித்துவிட்டு விளையாடப் போனவள் திரும்பி வந்து என் மடியில் சாய்ந்தாள். வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. உடம்பெல்லாம் வேர்வை. கண்ணின் கருமணி கடுகு போலச் சுருங்கிக் கிடந்தது. தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். விழுப்புரத்திலிருந்து வந்த லாரி ஒன்று நின்றது.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் இமையைப் பிரித்துப் பார்த்தார்.

"மருந்தடிச்ச கொல்லைக்குப் போச்சா கொழந்தை?"

"இல்லிங்க. ஊட்லதான் இருந்திச்சி. தண்ணி குடிச்சிச்சி, அவ்ளோதான்."

அவர் ஊசி மேல் ஊசியாகப் போட்டார். என் பிள்ளை பிழைத்தது. அந்த வாரத்தில் எங்கள் ஊரிலிருந்து இன்னும் பலர் அதே வார்டுக்கு வந்தார்கள். பாய் விரிக்க இடமில்லை. "அந்தத் தண்ணிய இனிமே தொடாதீங்க, குளிக்கக்கூட வேணாம்" என்று டாக்டர் ஒவ்வொருவரிடமும் கத்தினார். அவராவது கத்தினாரே என்று இருந்தது எனக்கு.

ஊருக்குத் திரும்பினால், கிணற்றை இறைத்துச் சேறு வார முடிவு செய்திருந்தார்கள். கம்பெனி ஆயில் இஞ்சின் அனுப்பியது. உள்ளே இறங்க மட்டும் காலனி ஆட்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒருநாளும் அவர்களுக்குக் குடிக்கக் கொடுத்ததில்லை. அதன் விஷச் சேற்றை வார அவர்கள்தான் வேண்டியிருந்தது. எங்கள் கொல்லையில் ஏர் ஓட்டுகிற மனிதர் ஒருவர் இடுப்பளவு சேற்றில் மத்தியானம் வரை நின்று வாரினார். மேலே ஏறி வந்தவர் வாந்தி எடுத்தார். மறுநாள் செத்துப் போனார்.

"சாராயம் குடிச்சிட்டு எறங்கியிருக்கான். நாம இன்னா பண்றது?" என்றார் பஞ்சாயத்துத் தலைவர். எங்கள் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், தலையாட்டினார். அந்த மனிதர் சாராயத்தைத் தொடாதவர் என்று தலையாட்டியவருக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து இருபது வருஷம் எங்கள் கொல்லையில் உழைத்தவர்.

அப்புறம் கம்பெனி டேங்கர் கொஞ்ச நாள் வந்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு வரவே இல்லை. ஊருக்குள் குடிக்கத் தண்ணீர் இல்லை. காலனியில் இருந்தது. மேட்டுப் பக்கம், அரசாங்கம் போட்டுக் கொடுத்த கைபம்பு. ஆழத்துத் தண்ணீர், இளநீர் போல இருக்கும். ஊர்ப் பெண்கள் அங்கே குடம் தூக்கக்கூடாது என்று ஆண்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். குடிப்பதற்கு வாய்க்கால் மணலில் ஊற்றுத் தோண்டினார்கள். அதே வாய்க்கால்!

நான் முகையூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதுவரை அந்த வீட்டில் குரல் உயர்த்தியதில்லை. அன்று குடத்தை எடுத்துக்கொண்டு பகலிலேயே காலனிக்கு நடந்தேன்.

பம்படியில் செத்தவரின் மனைவி நின்றிருந்தாள். எங்கள் கொல்லையில் களை எடுக்கிறவள். என்னைப் பார்த்ததும் மற்றவர்கள் விலகி வழி விட்டார்கள். அவள் விலகவில்லை.

"உங்க கெணத்துல எறங்கித்தான் எம் புருஷன் போயிட்டான்" என்றாள்.

"தெரியும்."

"சாராயம்னு சொல்லிக்கினு திரியறாங்களே, அதுவும் தெரியுமா?"

"தெரியும். பொய்யி அது."

வரிசையின் கடைசியைக் கை காட்டினாள். "தண்ணி வேணும்னா வரிசையில நில்லும்மா. கடேசில" என்றாள்.

நின்றேன். வெயிலில் நின்றது சுட்டதைவிட, அவள் சொன்னது நியாயம் என்பது சுட்டது. என் முறை வந்ததும் அவளே வந்து பம்பை அடித்துக் கொடுத்தாள்.

வீட்டு வாசலில் மூத்தார் குடத்தைப் பிடுங்கித் தெருவில் கவிழ்த்தார்.

"மானம் போச்சுடா ஊட்டுக்கு!" என்று என் கணவரிடம் கத்தினார்.

"மானத்தக் குடிச்சா எம் பொண்ணு பொழைப்பாளா மாமா?" என்று கேட்டுவிட்டு, காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பினேன். அன்று சாயங்காலம் என் கணவர் இன்னொரு குடத்தோடு என் பின்னால் வந்தார். அதன் பிறகு விடியலில் ஒருத்தி, உச்சி வெயிலில் ஒருத்தி என்று ஊர்ப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். என் மூத்தாரும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் குடித்தார்.

ஆடி பிறப்பதற்குள் ஊருக்கு போர்வெல் போட்டுவிட்டார்கள், எங்கள் தெரு முனையிலேயே. மேளம் வைத்துத் திறந்தார்கள். காலனிப் பக்கம் போன கால்கள் எல்லாம் நின்றுவிட்டன. ஊர்ச் சனமும் காலனிச் சனமும் அடித்து அடித்து அந்தக் கைபம்பு அதற்குள் தேய்ந்து போயிருந்தது. ஒருநாள் கைப்பிடி கழன்று விழுந்தது. காலனிக்குத் தண்ணீர் இல்லை. பழுது பார்க்க யாரும் வரவில்லை.

செத்தவரின் மனைவியோடும் இன்னும் சில காலனிப் பெண்களோடும் நானும் பஸ் ஏறித் திண்டிவனத்தில் யூனியன் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி என்னை மட்டும் உட்காரச் சொன்னார்.

"உங்க ஊர்லதான் போர் போட்டாச்சே. நீங்க ஏம்மா இவங்களோட வந்து பேஜாரு பண்றீங்க?"

"எங்க ஊரே அடிச்சித்தான் அந்த பம்பு ஒடைஞ்சிச்சி. ஆளு அனுப்புங்க. அனுப்பறவரைக்கும் இங்கியே குந்தியிருப்போம்" என்றேன். அந்த நாற்காலியில் நான் உட்காரவில்லை. எல்லோரும் அவர் அறை வாசலில் தரையில் உட்கார்ந்தோம். உள்ளே போகிறவர்கள் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. பொழுது சாய்வதற்குள் மெக்கானிக்கை அனுப்பச் சம்மதித்தார்.

பம்பு சரியானது. மற்றது எதுவும் சரியாகவில்லை. இறந்தவருக்காகக் கம்பெனி ஒன்றும் கொடுக்கவில்லை. சாராயம் என்று சொன்னவர்கள் சொன்னபடியே நின்றார்கள். என்னோடு ஆபீசுக்கு வந்ததற்காக மூத்தார் இறந்தவரின் மனைவியைக் கொல்லை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார். நான் சண்டை போட்டேன். அவர் அசையவில்லை. மற்ற நிலக்காரர்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

அடுத்த வருஷம் கம்பெனி வேறு பெயர்ப் பலகையோடு, அதே இடத்தில், புதுத் தகரம் போட்டுத் திறந்தது. பாட்டிலில் மருந்து நிரப்பப் பெண்கள் தேவை என்றார்கள். அவள் போனாள்.

கேள்விப்பட்டு ஓடினேன். "அங்கியா போற? அங்க போயா?" என்று கேட்டேன்.

"வேற எவன் வேலை குடுக்கறான், சொல்லு?" என்றாள்.

யாராவது அந்தத் தீயையும் அந்தச் சாவையும் விபத்து என்று சொன்னால் எனக்கு இப்போதும் உடம்பு எரிகிறது.