நடக்கச் சொன்ன டாக்டர்

எழுபதுகளில் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்தவள், கொழுந்து கிள்ளுகிறவளின் மகள். வெள்ளைச் சேலை கட்டியதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. அதை இறக்க அம்மா ஒருத்தி போதும்.

எங்கள் டாக்டர் கிழக்குப் பாலக்காட்டில் நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. யார் வந்தாலும் ஸ்டெதாஸ்கோப்பை முதலில் எடுக்கமாட்டார். "ஏனுங்க, அந்தக் கோடி வரைக்கும் நடந்து காட்டுங்க" என்பார். அவர்கள் வராந்தாவில் நடக்க, இவர் கையைக் கட்டிக்கொண்டு காலையே பார்ப்பார். சந்தையில் மாடு பிடிக்க வந்தவரின் அதே பார்வை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

ஒரு கொழுந்துக் காலத்தில் அம்மாவின் முட்டி வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். வேலைக்கு லாயக்கில்லை என்று டாக்டர் எழுதினால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் லயத்து வீடும் போகும். எனக்கு இருந்ததோ நர்ஸுகள் அறையில் ஒரு கட்டில். தங்கைகளோடு அவள் எங்கே போவாள்?

இழுத்துக்கொண்டுதான் வந்தேன். டாக்டர் நடக்கச் சொன்னார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்து பார்த்தாள். அவரிடம் அது பலிக்கவில்லை.

"இந்தக் காலோட மேடு ஏறக் கூடாதுங்கம்மா."

"ஏறுவேன் டாக்டரய்யா. நல்லாருக்கேன்னு எழுதிருங்க."

மேனேஜர் துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மலை ஏறுவாள் என்று எழுது, இல்லை லாயக்கில்லை என்று எழுது, நடுவில் ஒன்றும் கிடையாது. யூனியன்காரரோ லாயக்கில்லை என்றே எழுதச் சொன்னார். அதை வைத்துக் கம்பெனி மேல் கேஸ் போடலாமாம். கேஸ் முடிகிறவரை அம்மாவும் தங்கைகளும் எங்கே படுப்பது என்பதை அவர் யோசிக்கவில்லை.

டாக்டர் இரண்டையும் எழுதவில்லை. "எங்கூட்டுல ஏரு இழுக்க முடியாத எருத அவுத்து உட்டுடறதில்லீங்க. வேற வேல குடுத்து ஊட்டோட வெச்சுக்குவோம்" என்றார். தொழிலாளியை மாடு என்பதா என்று யூனியன்காரர் பொங்கினார். அம்மாவுக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நான் என்ன மாடாய்யா?"

ஆஸ்பத்திரியில் ஆயா வேலை ஒன்று காலியாகக் கிடந்தது. ஆள் போடுவது டாக்டர் பொறுப்பு என்றாலும், துரை அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை டாக்டர் அம்மாவை அதில் சேர்த்துவிட்டார். துரையின் ஜீப் வந்தது, உள்ளே சத்தம் கேட்டது, ஜீப் போனது. எங்கள் வீடு எங்களிடமே இருந்தது. அன்று டாக்டர் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு. அம்மா மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வார்டில் எல்லோரையும் அதட்டுவாள், என்னையும் சேர்த்து. அவர் வந்தால் தரையைத் துடைக்கப் போய்விடுவாள்.

மழை ஓய்ந்ததும் அவரை வேறு எஸ்டேட்டுக்கு மாற்றினார்கள். காரணம் எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. பெட்டியெல்லாம் ஜீப்பில் ஏறிய பிறகு அம்மாவைப் பார்த்து, "நடந்து காட்டுங்கம்மா" என்றார்.

அத்தனை பேர் முன்னாலும் அம்மா வராந்தாக் கோடி வரை போய்த் திரும்பி வந்தாள்.

"தேறிக்கிச்சுங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

ஜீப் வளைவில் மறைந்ததும் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "மாட்டுக்காரரு" என்றாள். "போயிட்டாரேட்டி."