ஆறு பிரஸ்ஸும் ஒரு வெள்ளை உறையும்

தினமும் காலை ஏழரை மணிக்கு, மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் செனாய் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை வாசலில், நாற்பத்தெட்டு வயதும் அதற்கேற்ற தொப்பையும் உள்ள நான் கையைத் தூக்கிக் கத்துகிறேன்: "செமாங்கட்!" ஊக்கம், வேகம், உள்ளே எரியும் நெருப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் சொல் அது. முதலில் உடற்பயிற்சி, அடுத்து இந்தக் கத்தல், பிறகுதான் வேலை. ஊரில் நான் பார்த்த வேலைகளில் காலையில் டீ குடித்துவிட்டு இன்று யார் லீவு என்று விசாரிப்பதோடு சரி. உத்வேகத்தை வரிசையில் நிறுத்தி யாரும் கேட்டதில்லை. வந்த புதிதில் எனக்குக் குரலே எழும்பவில்லை. பக்கத்தில் நின்ற லைன் லீடர் பிலோமினா, "அண்ணே, சாப்பாட்டுக்கு மட்டுந்தான் வாயத் தொறப்பீங்களா?" என்றார். காஹாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, இருபது வருடமாக பிரஸ் மெஷினோடு வாழ்பவர். அவருடைய கேலிக்கு இங்கே விலக்குப் பெற்றவர் யாருமில்லை.

நான் மெஷின் பழுது பார்ப்பவன். தகட்டை அழுத்தி வெட்டும் எங்கள் பிரஸ் ஒவ்வொன்றிலும் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே போனால் மெஷின் நின்றுவிடும். ஆனால் தூசி படிந்தாலும் அது கை என்று நினைத்துக்கொண்டு நிற்கும். முன்பு நான் வேலை பார்த்த ஓசூரில் இதற்கு எங்களிடம் ஒரு வைத்தியம் இருந்தது: ஒரு துண்டு ஒயரைப் போட்டு சென்சாரை ஏமாற்றிவிடுவது. அதைத் திறமை என்றுதான் நாங்கள் நினைத்தோம். இங்கு வந்த மூன்றாவது மாதம், மூன்றாம் பிரஸ் நின்று நின்று ஓட, சட்டைப்பையிலிருந்து ஒயரை எடுத்தேன். ஐந்தே நிமிடம். சூப்பர்வைசர் கட்டைவிரலைத் தூக்கி, "இந்தியா போலே!" என்றார். 'போலே' என்றால் மலாயில் முடியும் என்று பொருள். கேண்டீனில் எனக்குத் தே தாரிக், அதாவது நுரை பொங்க இழுத்து ஆற்றிய டீ, வாங்கிக் கொடுத்தார்கள். பாராட்டுக்கு ஏங்கிக் கிடந்தவன் ஒன்றோடு நிறுத்துவானா? ஆறு பிரஸ்ஸுக்கும் போட்டேன்.

போன வருடம் ஒரு மதியம் பிலோமினாவின் கையுறை மூன்றாம் பிரஸ்ஸுக்குள் போய்விட்டது. அலறல் எதுவும் இல்லை. நசுங்கிய கையுறையை எடுத்துக் காட்டி, "அலமாக்! கையுறதான்லா போச்சு. வெரலு அஞ்சும் இருக்கு, வேணும்னா எண்ணிக்குங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஜோக்கை எடுத்துவிட வேண்டிய நான் அவருடைய விரல்களை நிஜமாகவே எண்ணினேன்.

எனக்கு ஓசூரில் பிரஸ் ஓட்டிய செல்வம் நினைவுக்கு வந்திருந்தான். அங்கேயும் ஒயர் போட்டது நான்தான். அவனுடைய வலது கையில் இரண்டு விரல் போன அன்று, விசாரணைக்கு ஆள் வருவதற்குள் ஒயரைக் கழற்றியதும் நான்தான். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிய தாளில் சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். அவனுக்கு வேலை போயிற்று. எனக்குப் பதவி உயர்வு வந்தது. சம்பளத்துக்காக மலேசியா வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. செல்வத்தின் வீடு இருந்த தெரு வழியாகத்தான் நான் தினமும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை இங்கே பயிற்சியாளர் ஒருவர் வந்து, நாம் நேசிப்பதிலிருந்துதான் வேட்கை பிறக்கும் என்பார். நான் மனதார நேசிப்பது தூக்கத்தை. அதனால் உலகத்தில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. எனக்கு வந்த வேட்கை செரிக்காமல் கிடந்த ஒன்றிலிருந்து வந்தது. கையுறை போன அன்று, நான் தங்கியிருக்கும் பெர்மாஸ் ஜெயா போகும் பஸ்ஸில் இடம் இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை. மறுநாள் உடற்பயிற்சிக்கு முன்பே போய் ஆறு ஒயரையும் பிடுங்கினேன்.

தூசிக்கெல்லாம் மெஷின் நின்று, மதியத்துக்குள் லைன் படுத்துவிட்டது. பிலோமினா வந்து நின்றார். "என்னண்ணே, நல்லா ஓடுன மெஷினுக்குக் காய்ச்சல வர வச்சிட்டீங்க?"

செல்வத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒயரு இருக்குறது எனக்கும் தெரியும்லா. வேகமா ஓடணும்னு உங்ககிட்ட வந்து நச்சரிச்சது யாரு? நான்தானே. ஆனா மேல போய்ச் சொன்னா உங்க பெர்மிட் என்னாவுறது?"

அதுதான் என்னுடைய பயமும். இங்கே வேலை செய்ய எனக்கிருந்த பெர்மிட் முடிய இரண்டு மாதம் இருந்தது. 'எஞ்சே', அதாவது ஐயா, என்று நாங்கள் அழைக்கும் மேனேஜர் சுல் கையெழுத்துப் போடாவிட்டால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். சொல்லாமல் விட்டால் அடுத்த ஷிப்டிலேயே யாராவது ஒயரைத் திரும்ப மாட்டிவிடுவார்கள்.

நடந்ததையெல்லாம் எழுதி, வெள்ளை உறையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினேன். உறையைப் பார்த்ததுமே மேனேஜரின் முகம் தொங்கிவிட்டது. "சிங்கப்பூரா?" என்றார். ஜோகூரில் டெக்னீஷியன் ஒருவன் உறையை நீட்டினால் வேலையை விட்டுவிட்டுப் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போகப் போகிறான் என்று அர்த்தம். நாற்காலியை இழுத்துப் போட்டார். தேநீர் வரவழைத்தார். உன்னைப் போல் ஆள் கிடைக்குமா என்றார். நான் அவரைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு பாராட்டையும் கேட்டு முடித்த பிறகுதான், "படிங்க எஞ்சே" என்றேன்.

படித்தார். தேநீர் ஆறியது. "யாருக்கும் எதுவும் ஆகவில்லையே, ஏன் சொல்கிறாய்?" என்று மலாயில் கேட்டார்.

"ஆகிவிட்டது" என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில். யாருக்கு, எந்த லைனில் என்று பதறி எழுந்துவிட்டார்.

"இங்கே இல்லை. ஓசூரில்."

"ஓசூரா? குளுவாங் பக்கமா?" என்றார், ஜோகூரில் இருக்கும் ஒரு ஊரைச் சொல்லி.

கடைசியில் என் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. வழக்கமாக இரண்டு வருடத்துக்குக் கிடைக்கும் பெர்மிட் ஒரு வருடத்துக்குக் கிடைத்தது. சென்சார்களுக்குத் தூசி மறைப்பு வந்தது. அது வரும்வரை டார்கெட்டைக் குறைக்கச் சொல்லி பிலோமினா மேலே போய்ச் சண்டை போட்டார். "கை வேணுமா டார்கெட் வேணுமான்னு கேட்டேண்ணே. யோசிக்கிறானுங்க, பாருங்களேன்!"

இத்தோடு நான் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். முடியவில்லை. இங்கே பிடுங்கிய ஒயர் ஓசூர்த் தாளில் இருக்கும் என் கையெழுத்தை அழிக்கவில்லை. பழைய நண்பன் ஒருவனைத் தொல்லை செய்து எண் வாங்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜன்னல் ஓரம் நின்று போன் போட்டேன்.

"அலோ, யாருங்க? எங்கேருந்து பேசறீங்க?"

பேரைச் சொன்னேன். "ஓசூர்லேருந்துதான் பேசறேன், செல்வம்" என்றேன்.

"வெளிநாட்டு நம்பரா காட்டுதே" என்றான்.

ஜன்னலுக்கு வெளியே பெர்மாஸ் ஜெயாவின் கார்கள் வரிசையாக வீடு திரும்பிக்கொண்டிருந்தன. நான் மட்டும் ஓசூரில், செல்வம் வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.